ஒரே உடல், இரண்டு என்ஜின்: கொழும்பு வீதியில் டீசல் கொரோலா 121-உம் பெற்றோல் கொரோலா 121-உம்

டீசல் கார் நம் வீடுகளில் சம்பாதித்த நல்ல பெயரில் பெரும்பங்கு ஓட்டோ டீசலின் பழைய விலைக்கே சேரவேண்டும். 2020இல் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 137 ரூபா, ஓட்டோ டீசல் 104 ரூபா. சாவியைத் திருப்பும் முன்பே நூற்றுக்கு 24 பங்கு லாபம் கையில் இருந்தது. 2025 ஜூலையில் அதே பெற்றோல் 305 ரூபா, அதே டீசல் 289 ரூபா. இடைவெளி நூற்றுக்கு ஐந்தாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் கார் வாங்கப் போகிறவர் காதில் இன்றும் விழுவது பழைய பேச்சுத்தான்: "டீசல் எடுங்கள், செலவே தெரியாது." அந்தப் பேச்சு 2025 ஜூலை விலைக்கும் இன்றைய வீதிக்கும் பொருந்துகிறதா என்று ஓட்டிப் பார்த்து, எழுதிப் பார்த்துச் சொல்கிறேன்.

இதற்கு எனக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் நிற்பது பெற்றோல் டொயோட்டா கொரோலா 121. வத்தளையில் அக்கா வீட்டில் நிற்பது டீசல் 121. இரண்டும் ஒரே உடல், ஒரே ஆசனங்கள், ஒரே 50 லீற்றர் தாங்கி, நான்கு கியர் தானியங்கிப் பெட்டி. மாறுவது முன்மூடிக்குள் இருப்பது மட்டும்தான். எங்களுடையதில் 1,497 சிசி பெற்றோல் என்ஜின். அவர்களுடையதில் 2,184 சிசி டீசல், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பழைய வகை. ஒரு டீசல் வானையும் ஒரு சிறிய பெற்றோல் காரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் கட்டுரைகளைப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. எடை வேறு, உயரம் வேறு, காற்றைக் கிழிக்கும் முகம் வேறு. அங்கே என்ஜினின் குணம் எப்படித் தெரியும்? இங்கே அந்தக் குழப்பம் இல்லை.

அத்தானிடம் கேட்டேன். "நீர்தானே கணக்கியல் படிப்பிக்கிறீர், நீரே எழுதிப் பாரும்" என்று சாவியைத் தந்துவிட்டார். பாடசாலைத் தவணை ஒன்று முழுவதும் இரண்டு கார்களையும் வீடு மாற்றி வீடு மாற்றி ஓட்டினோம். காலையில் பிள்ளைகளைப் பம்பலப்பிட்டியில் இறக்குவது, பிற்பகலில் கொட்டாஞ்சேனை வகுப்புக்குப் போவது, பொரளைச் சந்தியில் நின்று நின்று திரும்புவது, சனிக்கிழமை சந்தை. எதையும் சோதனைக்காக மாற்றவில்லை. ஏசி எப்போதும் ஓடியது. கொழும்பில் பிள்ளைகளுடன் ஏசி இல்லாமல் ஓடி எடுக்கும் எண் யாருக்கும் பயன்படாது.

அளந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இந்த விடயத்தில் பெரும்பாலான சண்டைகள் அளவில்தான் பிறக்கின்றன. முள் அரைவாசிக்கு வந்தது, இவ்வளவு ஓடியது என்று சொல்வதெல்லாம் கணக்கு ஆகாது. தாங்கியை நிரப்பி, பயண மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி அதே நிலையத்தில், அதே பம்பில், அதே பக்கம் காரை நிறுத்தி நிரப்பவேண்டும். ஓடிய கிலோமீற்றரை ஊற்றிய லீற்றரால் வகுத்தால் வருவதுதான் உண்மை எண். டீசலில் ஒரு தொல்லை உண்டு: ஊற்றும்போது நுரை எழும். நுரை முனையைத் தொட்டதும் பம்ப் தானாக நின்றுவிடும். தாங்கி நிறைந்துவிட்டது என்று நாம் நம்பிவிடுவோம். நுரை அடங்கும்வரை பொறுத்து மறுபடி ஊற்றினால் இன்னும் ஒன்றிரண்டு லீற்றர் உள்ளே போகும். டீசல்காரர் சிலர் பெருமையாகச் சொல்லும் பெரிய எண்களில் பாதி இந்த நுரையிலிருந்து வருகிறது என்பது என் உறுதியான எண்ணம். பெற்றோலில் முதல் முறை நின்றதுடன் விட்டுவிடவேண்டும். மேலும் திணித்தால் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டி நனைந்து கெடும்.

கார் காட்டும் கிலோமீற்றரையும் அப்படியே நம்பக்கூடாது. டயர் தேய்ந்தால் சக்கரத்தின் சுற்றளவு குறையும், மீற்றர் கூட்டிக் காட்டும். யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் கிலோமீற்றர் கற்களோடு இரண்டு கார்களையும் ஒத்துப் பார்த்துச் சிறு திருத்தம் செய்தேன். டயர் காற்றைக் கதவோரம் ஒட்டியுள்ள தாளில் குறித்தபடி, காலையில் டயர் சூடேறும் முன் பார்த்தோம்.

இனி எண்கள். கொழும்புக்குள் பெற்றோல் 121 லீற்றருக்கு 9 கிலோமீற்றரைச் சுற்றி நின்றது. டீசல் 121 பதினொன்றரை தந்தது. பாடசாலை விடுமுறையில் வீதி சற்றுத் திறந்தபோது இரண்டும் மேலே போயின, மழை நாளில் காலி வீதி அடைத்தபோது இரண்டும் விழுந்தன. ஆனால் இரண்டுக்கும் இடையிலான விகிதம் பெரிதாக அசையவில்லை. நூற்றுக்கு 28 பங்கு டீசல் முன்னே. மரைன் டிரைவ் வழியாகப் போகும் நாட்களில் பெற்றோல் கார் ஓரளவு மூச்சு விடும். அங்கே நின்று நின்று புறப்படும் வேலை குறைவு.

எனக்கு வியப்பைத் தந்தது யாழ்ப்பாணப் பயணம். நெடுந்தூரம் என்றால் டீசல்தான் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏறி, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா என்று ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நகருக்கு வெளியே சாதாரண வீதியில் கார்களுக்குச் சட்டம் தரும் வேகம் மணிக்கு 70. அதை மீறாமல் ஓட்டினோம். டீசல் 17 தந்தது. பெற்றோல் 15 தந்தது. நகரத்தில் 28 பங்காக இருந்த முன்னிலை இங்கே 13 பங்காகச் சுருங்கிவிட்டது. ஊர் நம்பிக்கைக்கு நேர்மாறான விடை.

யோசித்தால் காரணம் தெளிவு. பெற்றோல் என்ஜினில் காற்றும் எரிபொருளும் ஒரு குறித்த விகிதத்தில் போகவேண்டும். ஆகவே குறைந்த வலு வேண்டும்போது காற்று வழியை ஒரு தட்டு அடைக்கிறது. நெரிசலில் ஊரும்போது அந்தத் தட்டு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். மெல்லிய குழலால் கெட்டியான பாயசத்தை உறிஞ்சுவது போல என்ஜின் காற்றுக்காகத் திணறுகிறது, அந்தத் திணறலுக்கும் பெற்றோல் எரிகிறது. டீசலுக்கு அந்தத் தட்டின் கட்டுப்பாடு இல்லை. காற்றைத் தாராளமாக எடுத்துக்கொண்டு, வேண்டிய அளவு டீசலை மட்டும் தெளிக்கிறது. நின்ற இடத்தில் ஓடும்போது அது மிகக் கொஞ்சமாகக் குடிக்கும். ஆனால் ஏ9 வீதியில் பெற்றோல் காரின் தட்டு திறந்துவிடுகிறது, அந்தக் குறை பெருமளவு மறைகிறது.

மீதி 13 பங்கு எங்கிருந்து வருகிறது? டீசல் கனமான எண்ணெய். ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் சக்தி, ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 32. அதாவது எட்டில் ஒரு பங்கு கூடுதல். என் நெடுந்தூர எண்களில் வந்த வித்தியாசமும் ஏறத்தாழ அதுவேதான். எனவே அந்தச் சமதரையில் பழைய டீசல் என்ஜின் நம் பெற்றோல் என்ஜினைவிடத் திறமையாக ஓடவில்லை. கூடுதல் சக்தி அடங்கிய லீற்றரை வாங்கி ஓடியது, அவ்வளவுதான். புகைப்போக்கியால் வெளியேறும் கரியமில வாயுவிலும் இது தெரியும். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ, பெற்றோல் எரிந்தால் 2.31 கிலோ. வகுத்துப் பாருங்கள்: நெடுந்தூரத்தில் கிலோமீற்றருக்குப் பெற்றோல் 154 கிராம், டீசல் 158 கிராம். நகரத்தில் மட்டும் டீசல் 233, பெற்றோல் 257.

நுவரெலியாவுக்கு கம்பளை, றம்பொடை வழியாக ஒருமுறை போய்வந்தோம். ஏற்றத்தில் டீசல் அமைதியாக, கியரை மாற்றாமல் இழுத்தது. பெற்றோல் கத்திக்கொண்டு ஏறியது. ஓட்டும் சுகத்தில் டீசலுக்கே என் வாக்கு. மலைநாட்டில் வசிப்பவர் வேறு முடிவுக்கு வந்தால் நான் மறுக்கமாட்டேன்.

இப்போது ரூபாவுக்கு வருகிறேன். குடும்பம் செலவழிப்பது லீற்றரை அல்ல. கொழும்புக்குள் 2020 விலையில் பெற்றோல் காருக்குக் கிலோமீற்றர் 15 ரூபா 20 சதம், டீசல் காருக்கு 9 ரூபா. நூற்றுக்கு 41 பங்கு மிச்சம். இதுதான் நம் அப்பாமார், மாமாமார் கண்ட டீசல். 2025 ஜூலை விலையில் பெற்றோல் 33 ரூபா 90 சதம், டீசல் 25 ரூபா 10 சதம். 26 பங்கு மிச்சம். யாழ்ப்பாண வீதியில் 2020இல் 33 பங்கு மிச்சமாக இருந்தது, 2025இல் 16 பங்கு. கிலோமீற்றருக்கு மூன்று ரூபாவும் சில சதமும். போய்வர 800 கிலோமீற்றர் என்றால் ஏறத்தாழ 2,650 ரூபா. நான்கு பேர் புத்தளத்தில் இறங்கிச் சாப்பிட்டால் அது முடிந்துவிடும். இந்தத் தொகைக்காக ஒருவர் டீசல் கார் தேடி அலைய வேண்டியதில்லை.

2022ஐ மறக்காமல் இங்கே வைக்கவேண்டும். அந்த ஜூன் இறுதியில் பெற்றோல் 92 லீற்றர் 470 ரூபா, ஓட்டோ டீசல் 460 ரூபா. பத்து ரூபா வித்தியாசம்! அதற்குப் பின் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் அட்டை வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர், எந்த எரிபொருளானாலும். அப்போது ரூபாவைவிட லீற்றர் பெரிதாக இருந்தது. இன்றைய என் எண்களை வைத்துப் பார்த்தால், அந்த 20 லீற்றரில் டீசல் 121 நகரத்துக்குள் 230 கிலோமீற்றர் ஓடும், பெற்றோல் 121 180 ஓடும். 50 கிலோமீற்றர் என்பது ஒரு வாரப் பாடசாலைப் பயணம். அந்த மாதங்களில் டீசல் வைத்திருந்தவருக்கு உண்மையான ஆறுதல் இருந்தது, வரிசையில் நின்ற நாட்களைத் தவிர.

அதே காலம் டீசல் கார்களுக்கு ஒரு தீங்கையும் விட்டுச் சென்றது. 2022 ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்தது. அந்த மாதம்தான் ஒரேயடியாக 340க்கு ஏறியது. இவ்வளவு மலிவான எண்ணெய் பக்கத்தில் இருக்கும்போது டீசலில் அதைக் கலக்கும் ஆசை வந்துவிடும். மண்ணெண்ணெயில் டீசலில் உள்ள வழுவழுப்பு இல்லை. எரிபொருள் பம்பின் உட்பாகங்களுக்கு மசகாக இருப்பது டீசலேதான். அது மெலிந்தால் உலோகம் உலோகத்தை உரசும். அந்தக் காலத்தில் யார் கையில், எதைக் குடித்து ஓடியது என்று தெரியாத டீசல் காரை நான் இரண்டு மனதோடுதான் பார்ப்பேன்.

பம்ப் என்றதும் செலவு நினைவுக்கு வருகிறது. அத்தானின் காரில் பம்ப் கசியத் தொடங்கி, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களும் சேர்ந்து பழுதுபார்க்கவேண்டி வந்தது. வேலையும் பாகங்களுமாக ஒன்றரை இலட்சம் ரூபாவைத் தாண்டியது. இருபது வயதை நெருங்கும் எந்த டீசல் காருக்கும் இது ஒருநாள் வரும். இந்த டீசல் என்ஜினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் இருக்கிறது, காலத்துக்கு மாற்றவேண்டும். அறுந்தால் என்ஜினே போய்விடும். எங்கள் பெற்றோல் என்ஜினில் அந்த வேலையைச் செய்வது சங்கிலி. டீசலுக்கு என்ஜின் எண்ணெயும் கூடுதலாகக் கொள்ளும், சீக்கிரம் கறுத்தும் போகும். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரக் கட்டணத்திலும் டீசலுக்குக் கூடுதல்.

எங்கள் வீட்டு ஓட்டம் நகரத்துக்குள் மாதம் 600 கிலோமீற்றர் அளவு. டீசலாக இருந்தால் 2025 ஜூலை விலையில் மாதம் 5,300 ரூபா போல மிஞ்சும், வருடத்துக்கு 63,000. பம்ப் பழுது ஒன்று வந்தால் இரண்டு வருட மிச்சமும் அதற்கு மேலும் கரைந்துவிடும். அத்தான் வத்தளையிலிருந்து தினமும் நெரிசலுக்குள் வந்து போகிறவர். அவருக்கு மாதம் 1,200 கிலோமீற்றர். வருட மிச்சம் ஒன்றேகால் இலட்சத்தைத் தாண்டும். பம்ப் செலவை ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் மீட்டுவிடுவார். ஆகவே அவர் காரை மாற்றத் தேவையில்லை, நாங்களும் மாற்றத் தேவையில்லை. இந்த எல்லைக்கோடு உங்கள் வீட்டில் எங்கே விழும் என்பதை உங்கள் மாதக் கிலோமீற்றர்தான் தீர்மானிக்கும்.

பணத்துக்கு அப்பால் ஒன்று இருக்கிறது, அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பாடசாலை விடும் நேரம் காலி வீதி ஓரத்தில் நிற்கும் பிள்ளைகளின் முகத்துக்கு நேராகத்தான் டீசல் வாகனங்கள் புகையை விடுகின்றன. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் வகைப்படுத்தியது. நம் நாட்டுப் புகைப் பரிசோதனையில் டீசல் காரின் என்ஜினை உறுமவைத்து, புகையின் கருமையை அளக்கிறார்கள். சோதனையில் தேறுவது குறைந்தபட்சம் மட்டுமே. அத்தானின் காரை இன்ஜெக்டர் திருத்தும் முன்பும் பின்பும் ஓட்டினேன். திருத்திய பிறகு ஏற்றத்தில் விட்ட கரும்புகை நின்றது, லீற்றருக்குக் கிடைத்ததும் கூடியது. மேலே தந்த எண்கள் திருத்திய பிறகு எடுத்தவை. கரும்புகை என்பது எரியாமல் வீணாகும் டீசல். அதைச் சகித்துக்கொண்டு சிக்கனம் பேசுவதில் அர்த்தமில்லை.

பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட்டைப் பற்றிக் கேட்பீர்கள். என்னோடு படிப்பிக்கும் ஒருவரின் டொயோட்டா அக்குவாவை அதே பாடசாலை வழியில் ஓட்டிப் பார்த்தேன். லீற்றருக்கு 20 அளவில் தந்தது. அதே 2025 ஜூலை விலையில் கிலோமீற்றருக்கு 15 ரூபா சொச்சம். நின்றால் என்ஜின் அணைகிறது, பிரேக் பிடித்தால் மின்கலம் நிறைகிறது. நெரிசலில் டீசல் காட்டிய கெட்டித்தனத்தை இது ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. மின்கலம் மாற்றும் செலவு தனிக் கணக்கு. வாங்கும் முன் அதைச் சோதிக்கவேண்டும். இருந்தும், கொழும்புக்குள் மட்டும் ஓடும் குடும்பம் இன்று புதிதாகத் தேடுகிறதென்றால் நான் காட்டும் திசை இதுதான்.

அந்த அக்குவாவுக்கு ஜப்பானில் ஜேசி08 சோதனை முறையில் தந்த எண் லீற்றருக்கு 35.4. நான் பார்த்ததோ 20. இது அந்தக் காருக்கு மட்டும் உரிய குறை என்று யாரும் எண்ணவேண்டாம். ஐரோப்பாவில் ஆய்வுக்கூட எண்ணுக்கும் வீதி எண்ணுக்கும் இடையிலான இடைவெளி 2001இல் நூற்றுக்கு 9 அளவில் இருந்து, 2015இல் 42 அளவுக்கு வளர்ந்ததை ஐசிசிடி என்ற தூய போக்குவரத்து ஆய்வு அமைப்பு காட்டியது. அதன் பிறகுதான் 2017இல் அங்கே கடுமையான புதிய சோதனை முறை வந்தது. விளம்பரத் தாளில் உள்ள எண் காரையும் காரையும் ஒப்பிட உதவும். மாதச் செலவைத் திட்டமிட உதவாது.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்த பிறகு, புதிய டீசல் ஜீப்புகளைச் சிலர் விசாரிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சொல். புதிய டீசல் என்ஜின்களின் புகைப்போக்கியில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. பிடித்த தூளை எரித்துத் தள்ள அதற்கு நீண்ட, சூடான ஓட்டம் வேண்டும். வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் மட்டும் ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். கந்தகம் குறைந்த சுப்பர் டீசலும் அதற்குத் தேவை; 2025 ஜூலையில் அது லீற்றர் 325 ரூபா, பெற்றோல் 92ஐவிட இருபது ரூபா அதிகம். விலை லாபம் முழுவதும் அங்கேயே போய்விட்டது.

பழைய டீசல் 121தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர், காரைப் பார்க்கப் போகும் நாளில் விற்பவரிடம் முன்கூட்டியே என்ஜினை ஓடவிடவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். குளிர்ந்த என்ஜின் முதல் தடவையிலேயே பிடிக்கிறதா, வெண்புகை சீக்கிரம் அடங்குகிறதா என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் மூடியைத் திறந்தால் ஆவி புசுபுசுவென்று வரக்கூடாது. பம்பின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு அவரோடு போய்த் தாங்கியை நிரப்பி, நுரை அடங்கும்வரை நின்று, நகரத்துக்குள் ஓடி, அதே பம்பில் மறுபடி நிரப்புங்கள். செலவு உங்களுடையதாக இருக்கட்டும். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றருக்குக் கீழே வந்தால் இன்ஜெக்டர் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். அவர் அந்த ஓட்டத்துக்கே சம்மதிக்கவில்லை என்றால் வேறு கார் பாருங்கள்.